மூஞ்சிக்கு நேரே சொல்லும் பெட்டி

பெர்னிக் நகரத்தின் கிழக்குப் பேட்டையில் எங்கள் எட்டு மாடிக் கட்டடத்தின் ‘பி’ வாசலுக்குள் நுழைந்தால் போதும். எந்த வீட்டில் முட்டைக்கோஸ் ஊறுகிறது, எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் படியேறி முடிப்பதற்குள் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில், நாலாவது மாடி வெனெத்தா எட்டு மாதமாக எலெக்ட்ரிக் கிதார் பழகுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவள் வாசித்து ஒருத்தர் காதிலும் விழுந்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

எப்படி விழும்? கிதார் இருந்தது, அதைப் பேசவைக்கிற ஆம்ப்ளிஃபயர் இல்லை. அது இல்லாமல் மீட்டினால் அந்தக் கிதார் கொசுவின் தங்கச்சி மாதிரி முனகும். நாற்பத்தொன்பது வயது வெனெத்தா விடிகாலை நாலு மணிக்கே ரொட்டிக்கடையில் மாவு பிசையப் போகிறவள். பகல் பன்னிரண்டுக்கு வீடு திரும்பி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கிதாரின் மர உடம்பில் காதை ஒட்டிக்கொண்டு வாசிப்பாள்.

“பல்வலிக்காரி தலையணையில சாஞ்ச மாதிரியே இருக்கடி” என்பான் புருஷன் மெத்தோதி. இரும்பாலையில் கிரேன் ஓட்டுகிறவன். அவன் பேசலாமா? வருஷா வருஷம் ஜனவரி வந்தால் ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, கொம்பு வைத்த முகமூடி மாட்டி, இடுப்பில் இருபது கிலோ மணிகளைக் கட்டி, சொந்த ஊர் சுர்வா விழாவில் விடிய விடியக் குதிக்கிறவன் அவன். ஆனால் அது மரபு. ஆண்கள் செய்தால் மரபு, அதை யாரும் கேட்கக் கூடாது.

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை வெனெத்தாவை வாசகசாலைக்குக் கூப்பிட்டார்கள். பேருக்குத்தான் வாசகசாலை, பாட்டும் கூத்தும்கூட நடக்கிற இடம் அது. அங்கே நாலு பெண்கள் சேர்ந்த இசைக்குழு ஒன்று உண்டு. தலைவி ஃபிதான்கா, பகலில் பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுவாள், சாயங்காலம் டிரம்ஸ் அடிப்பாள். இரண்டு வேலையிலும் அவள் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். குழுவின் கிதார்காரி மகளோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். மாதக் கடைசியில் முகமூடித் திருவிழா. நாடு முழுக்க இருந்து கூட்டம் வரும். சதுக்கத்து மேடையில் இவர்களுக்கு நாற்பது நிமிஷம். ஆள் வேண்டும்.

வெனெத்தா போனாள். வாசகசாலையின் பெரிய ஆம்ப்ளிஃபயரில் வயரைச் சொருகினாள். வாசிக்க ஆரம்பித்தாள்.

ஐயோ பாவம். வாசித்த சுரமெல்லாம் சரிதான். வாசிக்காத சுரமெல்லாம் கூடவே வந்துவிட்டது. விரல் ஒரு கம்பியை மீட்ட, பக்கத்துக் கம்பிகள் தாமாக அதிர்ந்து ஊளையிட்டன. கையை எடுத்த பிறகும் ஊளை நிற்கவில்லை. எட்டு மாதமும் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் பழகியவளுக்கு, வேண்டாத கம்பியை அமுக்கி வைக்க வேண்டும் என்பதே தெரியாமல் போயிருந்தது. கேட்டால்தானே தெரியும்?

ஃபிதான்கா டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்தாள். “என்னம்மா இது, தெருநாயா? ஒண்ணு ஆரம்பிச்சா அஞ்சும் குரைக்குது!”

“பழகிடுவேன் அக்கா.”

“எங்க பழகுவ? இங்கயா? இது நாய்க்குப் பாடம் நடத்துற இடமில்ல. வீட்டுல ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி வெச்சுப் பழகு. ரெண்டு வாரம். மூணாவது ஞாயித்துக்கிழமை வா. அன்னிக்கும் குரைச்சுதுன்னா பக்கத்து ஊரு ரதோமிர்லருந்து அந்த மியூசிக் வாத்தியாரக் கூப்பிட்டுருவேன். ஆம்பளையா இருந்தாலும் பரவால்ல, பாவாடை கட்டி மேடை ஏத்திடுவேன்.”

வெனெத்தா வீட்டுக்கு வந்து அலமாரியில் துணிக்கடியில் இருந்த உறையை எடுத்தாள். இருநூற்றைம்பது லெவா. புது வாக்யூம் கிளீனருக்கு வைத்தது. “இன்னும் ஒரு வருஷம் துடைப்பத்துல பெருக்கினா செத்துப்போக மாட்டோம்” என்று உறையைக் கைப்பையில் போட்டாள்.

மெத்தோதிக்கு உடனே உற்சாகம் பிறந்துவிட்டது. “நீ இதுல தலையிடாத. சத்தத்தப் பத்தி இந்த வீட்டுல யாருக்குத் தெரியும்? முப்பது வருஷமா மணி கட்டுறவன் நான். மணியோ ஆம்ப்ளிஃபயரோ, தூக்கிப் பாத்தாலே தெரிஞ்சிரும். கனமில்லன்னா குரலும் இல்ல.”

சுர்வாக்காரர்கள் எல்லோருக்கும் இந்த நோய் உண்டு. கனமான மணி கட்டியவன்தான் ஆம்பளை. அந்தக் கணக்கிலேயே செவ்வாய்க்கிழமை ஆலைக்கூட்டாளி ஒருவனிடம் போய், இருபத்துமூன்று கிலோ வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இருநூற்று நாற்பதுக்குப் பேசி முடித்துக் கொண்டுவந்தான். ஒரு காலத்தில் கல்யாண மண்டபங்களை அதிரவைத்த பெட்டியாம். லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. இரண்டு பேர் தூக்க, நாலு மாடி ஏற, ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறந்து விசாரிக்க, பெட்டி வீடு வந்து சேர்வதற்குள் அதன் விலையும் எடையும் ‘பி’ வாசல் முழுக்கப் பரவிவிட்டன.

“பாரு, எவ்வளவு சதப்பிடிப்பு!” என்று மெத்தோதி அதன் முதுகில் தட்டினான், ஏதோ கிடாவை விலை பேசுகிறவன் மாதிரி.

வெனெத்தா வயரைச் சொருகி வால்யூமை ஒன்றில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். கேட்கவில்லை. மயிரிழை திருப்பினாள், கண்ணாடி அலமாரியிலிருந்த காப்பிக் கோப்பைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன.

அடுத்த நிமிஷம் படிக்கட்டில் ‘டங்... டங்... டங்’ என்று ஒரு சத்தம் ஏறி வந்தது. கதவைத் திறந்தால் லோசான். கீழே மூன்றாவது மாடி. இந்த வாசல் வீடுகளுக்கெல்லாம் நிர்வாகியும் அவர்தான். பகல் இரண்டிலிருந்து நாலு வரை அமைதி நேரம் என்று கீழே ஒட்டியிருக்கும் தாளில் கையெழுத்து அவருடையது. அவரும் சுர்வாக்காரர். வீட்டில் இடுப்புக்கு மணி கட்டிச் சரிபார்த்துக்கொண்டு இருந்தவர், பாதி கட்டிய கோலத்தில் அப்படியே கிளம்பி வந்துவிட்டார். எட்டு வெண்கல மணிகள் இடுப்பில் தொங்க, சத்தம் அதிகம் என்று புகார் சொல்ல வந்த மனுஷரை அன்றைக்குத்தான் உலகம் பார்த்தது.

“வெனெத்தா, இது குடும்பம் இருக்கிற இடம்மா! என்ன சத்தம் இது?” டங்.

“அண்ணே, கொஞ்சம் ஆடாம நின்னு சொல்லுங்க. நீங்க சொல்றது எனக்குக் கேக்கல.”

மெத்தோதி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைப் பக்கம் போய்விட்டான்.

“இது வேற, அது வேற” என்றார் லோசான். “மணி வருஷத்துல ரெண்டு வாரம். உன் பெட்டி தினமும். அதுவுமில்லாம, ஒண்ணு ஊமையா இருக்கு, இல்லாட்டி கொலை பண்ணுது. நடுவுல எதுவுமே இல்லையே! இதுல நீ என்ன பழகுவ?”

வெனெத்தாவுக்கு எரிச்சலாக இருந்தாலும் அந்த மனுஷர் சொன்னது உண்மை என்று பட்டது. மண்டபத்துக்குச் செய்த பெட்டிக்குப் படுக்கையறையில் பேசத் தெரியவில்லை. லோசான் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: “உன் புருஷன் எடையப் பாத்து வாங்கியிருப்பான். நாங்க மணி வாங்குறப்ப கடைக்காரன் ஆணியில மாட்டித் தட்டிக் காட்டுவான். ஆணியில எந்த மணியும் தன்னப் பத்தி நல்லாத்தான் பேசும். இடுப்புல கட்டிக் குதிக்கணும். அப்பதான் எது ஓட்டைன்னு தெரியும்.” டங், டங், டங் என்று இறங்கிப் போனார்.

வியாழக்கிழமை பெட்டி திரும்பிப் போனது. ஆலைக்கூட்டாளி பணத்தைக் கொடுத்தான். சமாதானத்துக்கு ஒரு பாட்டில் ரக்கியா சாராயம் இவர்கள் கொடுக்க வேண்டி வந்தது. அஞ்சு நாள் போச்சு என்று வெனெத்தா சமையலறை நாட்காட்டியில் கோடு கிழித்தாள். “இனிமே நான்தான் பாப்பேன். நீ கூட வா, வாயத் தொறக்காத.”

சனிக்கிழமை ரயிலேறித் தலைநகர் சோஃபியா போனார்கள். கடையில் பிளமென் என்ற விற்பனையாளன். நீளமுடி, மென்மையான பேச்சு. வெனெத்தாவின் மாவுக்கை, கம்பளித் தொப்பி, பக்கத்தில் மெத்தோதி எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தான்.

“மகனுக்கா அம்மா?”

“மகளுக்குப் பல்வலி, மகன் இல்ல, எனக்குத்தான்” என்றாள் வெனெத்தா. அவளுக்கு மகளும் கிடையாது. பிளமென் அதற்குப் பிறகு குடும்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

“வீட்டுல பழகத்தான? அப்படின்னா இதப் பாருங்க. இருநூத்து நாப்பது. நாப்பது விதமா சத்தம் வரும், போன்லயே மாத்திக்கலாம்.” சின்னப் பெட்டி ஒன்றை முன்னால் வைத்து ஒரு பொத்தானை அமுக்கினான்.

வெனெத்தா வாசித்தாள். அடேயப்பா! அவள் விரல்தானா அது? ஒவ்வொரு சுரமும் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போய்த் திரும்பி வந்தது. நிறுத்தினால் பட்டென்று நின்றது. ஒரு நாய் குரைக்கவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கியிருந்த மெத்தோதிக்குக் கண் கலங்கிவிட்டது. வெனெத்தாவும் கைப்பையைத் திறந்து உறையில் கைவைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் லோசானின் இடுப்பு அவள் நினைவுக்கு வந்தது. நல்ல நினைவு என்று சொல்ல முடியாது, ஆனால் வந்தது.

எப்படி ஒரு நாய்கூட குரைக்கவில்லை? ஆறு நாள்ல நான் என்ன கத்துக்கிட்டேன்?

எழுந்து நின்றாள். வேண்டுமென்றே விரல்களைத் தளர்த்தி, எல்லாக் கம்பியையும் அவிழ்த்துவிட்ட மாதிரி, முதல் ஞாயிறு வாசித்ததைவிட மோசமாக வாசித்தாள். பெட்டி அப்போதும் மலைக்கு மலை தாவியது. நிறுத்தியதும் பட்டென்று வாயை மூடிக்கொண்டது.

“இது எப்படித் தம்பி மூடிக்குது? நான் கம்பிய அமுக்கவே இல்லையே.”

“அதுக்குள்ள ஒரு கதவு மாதிரி இருக்கும்மா. நீங்க வாசிக்காதப்ப வர்ற சின்னச் சின்னச் சத்தத்தத் தானா அடைச்சிரும். வசதி.”

“அப்ப எனக்காகப் பொய் சொல்லுது.”

“வேணாம்னா அணைச்சு வெச்சுக்கலாம்மா. போன்லயே.”

“அணைக்க முடியும்னா போடவும் முடியும்ல? என்னப் பத்தி எனக்குத் தெரியும் தம்பி. ஜாம் பாட்டில ஒரு ஸ்பூனுக்குன்னுதான் தொறப்பேன், காலியாக்கிட்டுத்தான் மூடுவேன்.” கைப்பையை மூடினாள். “இங்க இருக்கிறதுலயே நான் வாசிச்சா ரொம்ப அசிங்கமா கேக்குற ஆம்ப்ளிஃபயர் எது?”

பதினோரு வருஷ வியாபாரத்தில் பிளமெனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. மெத்தோதியைப் பார்த்தான். மெத்தோதி வாயைத் திறக்கக் கூடாது அல்லவா, கூரையைப் பார்த்தான்.

கடைசியில் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. பத்து வாட், சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்ன ஸ்பீக்கர், முன்னால் நாலே திருகு. ஒரு பொத்தானை அமுக்கினால் கரகரப்பு வரும், அதற்கு மேல் அலங்காரம் எதுவும் கிடையாது. வால்யூமைக் கொஞ்சம் திருப்பினால் கொஞ்சம் கேட்டது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் இன்னும் கொஞ்சம் கேட்டது. ஊமைக்கும் கொலைக்கும் நடுவே இதற்கு நிறைய இடம் இருந்தது. ஹெட்போன் சொருக ஒரு ஓட்டை. நூற்று எண்பத்தொன்பது லெவா.

வெனெத்தா வாசித்தாள். அஞ்சு நாயும் வந்துவிட்டன. விரல் தடுக்கிய இடம், அவசரப்பட்ட இடம், ஒன்று விடாமல் மூஞ்சிக்கு நேரே சொன்னது அந்தப் பெட்டி. ‘பி’ வாசலில் நாமெல்லாம் முதுகுக்குப் பின்னால்தானே சொல்லுவோம்; அந்த நாகரிகம் அதற்குத் தெரியவில்லை. கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

“இதான்” என்றாள் வெனெத்தா.

மெத்தோதி ஒரு கையால் பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். அஞ்சு கிலோகூட இருக்காது. முகம் தொங்கிவிட்டது. ரயிலில் பெர்னிக் வரும்வரை அதை மடியில் வைத்திருந்தான், அடுத்தவர் பிள்ளையை வைத்திருப்பது போல.

வீட்டுக்கு வந்ததும் வெனெத்தா மூன்றாவது மாடிக்கு இறங்கிப் போனாள். “லோசான் அண்ணே, எப்படியும் நாளைக்கு நீங்க வெந்நீர்க் குழாயத் தட்டத்தான் போறீங்க. அத இன்னிக்கே தட்டிடுங்க.” இந்தக் கட்டடத்தில் சூடேற்றும் குழாய் எட்டு மாடிக்கும் ஒன்று. மேல்வீட்டில் சத்தம் என்றால் கீழ்வீட்டுக்காரர் கரண்டியால் அதைத் தட்டுவார். அதுதான் எங்கள் தந்தி ஆபீஸ்.

லோசான் கரண்டியோடு குழாய் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே மெத்தோதி வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, வெனெத்தா வாசித்தாள். ‘டிங்’ என்றது குழாய். நிறுத்தி, பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து, நாற்காலியில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தான் மெத்தோதி. மறுபடி திருப்பினார்கள். இந்தத் தடவை ‘டிங்’ கொஞ்சம் தாமதமாக வந்தது. புருஷன் இந்த விஷயத்தில் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். ‘டிங்’ வந்தபோது திருகு நின்ற இடத்தில் வெனெத்தா சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவள் ராஜ்ஜியம், அந்தப் பக்கம் லோசானுடையது.

பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை தினமும் உட்கார்ந்தாள். நாய்கள் ஒவ்வொன்றாக அடங்குவது போல இருந்தது. மூன்றாம் நாள் சுர்வா. வாசலில் பாதிப் பேர் மணியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக வெனெத்தா போகவில்லை. “ஊர்ல என்ன சொல்லுவாங்க?” என்றான் மெத்தோதி. “எனக்குப் பல்வலின்னு சொல்லு” என்றாள்.

மறுநாள் பகல், மீதிப் பேரும் வேலைக்குப் போய்விட்டதால் கட்டடமே காலி. லோசான் இல்லை. குழாயும் ஊமை. வெனெத்தா சிவப்புக் கோட்டைத் தாண்டித் திருப்பினாள்.

அஞ்சு நாயும் அங்கேயேதான் இருந்தன. செத்துப்போகவில்லை, தூங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். இத்தனை நாள் அமைதி அவள் விரலால் வந்ததில்லை, வால்யூம் குறைவால் வந்தது. நகப்பூச்சுக் கோடும் ஒரு விதத்தில் அவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறது.

பிறகு எழுந்து போய், இழுப்பறையில் மெத்தோதி கால்பந்து கேட்கிற பெரிய ஹெட்போனை எடுத்து, கடையில் பெரிதாக நினைக்காத அந்த ஓட்டையில் சொருகினாள். கோட்டைத் தாண்டித் தாராளமாகத் திருப்பினாள். ஊளை முழுவதும் அவள் மண்டைக்குள். வெளியே சுவர்க்கடிகாரச் சத்தம்.

அன்றிலிருந்து பன்னிரண்டரை முதல் நாலு வரை, அமைதி நேரத்திலும் சேர்த்து, எல்லாம் ஹெட்போனில்தான். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிமேல் சாய்த்துவைப்பது, இடது கையில் சும்மா இருக்கிற விரலைப் படுக்கப்போட்டு அடுத்த கம்பியை மூடுவது. வாசிப்பது ஒரு வேலை என்றால் வாசிக்காமல் இருப்பது ஒன்பது வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்த மெத்தோதி பார்த்தபோது அவள் காதை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரடி திட்டுற?”

அவளுக்குக் கேட்கவில்லை.

இங்கேதான் நம்முடைய வாசல் தன் வேலையைக் காட்டியது. நாலாவது மாடியிலிருந்து இப்போது சத்தமே இல்லையே? லோசானுக்கு நிம்மதியே வரவில்லை. “விட்டுட்டா போலிருக்கு” என்று இரண்டாவது மாடியில் சொன்னார். இரண்டாவது மாடி முதல் மாடியில் சொன்னது: “விரலுக்கு ஏதோ ஆயிடுச்சாம்.” முதல் மாடிக்காரி கடைவாய்ப் பல்லை அடைக்கப் போன இடத்தில் சீட்டு எழுதுகிறவளிடம் சொன்னாள்: “பாவம், அந்தப் பெட்டிய வித்துட்டா.” சீட்டு எழுதுகிறவள் யார் என்றுதான் முன்பே சொல்லியாகிவிட்டதே.

மூன்றாவது ஞாயிறு வெனெத்தா வாசகசாலைக் கதவைத் திறந்தபோது, ரதோமிர் வாத்தியார் தன் கிதாரை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

“நீ விட்டுட்டன்னு சொன்னாங்களே!” என்றாள் ஃபிதான்கா.

“யாரு சொன்னது?”

“உங்க வாசல்ல எல்லாரும்.”

“எங்க வாசல் சொல்றத நம்பினா நான் போன வருஷம் ரெண்டு தடவ விவாகரத்து ஆனவ அக்கா.” கோட்டைக் கழற்றினாள். “மூணாவது ஞாயித்துக்கிழமைன்னு நீங்கதான் சொன்னீங்க. இன்னிக்கு அதான். சார் கொஞ்சம் உக்காரட்டும்.”

வாத்தியார் உட்கார்ந்தார். வெனெத்தா பெரிய ஆம்ப்ளிஃபயரில் வயரைச் சொருகினாள். ஃபிதான்கா அவளையே பார்த்துக்கொண்டு வந்து, வால்யூமை இன்னும் இரண்டு எண் ஏற்றினாள். கெட்ட எண்ணம்தான்; மறைக்க என்ன இருக்கிறது. நாலு எண்ணினாள்.

பாட்டின் நடுவே ஓர் இடம் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, நாலு தட்டு சும்மா இருந்து, திரும்ப ஆரம்பிக்க வேண்டும். முதல் ஞாயிறு அந்த நாலு தட்டில்தான் ஊளை நிரம்பி வழிந்தது. வெனெத்தா உள்ளங்கையைச் சாய்த்தாள், விரலைப் படுக்கப்போட்டாள்.

ஒன்று. ஆம்ப்ளிஃபயரின் மெல்லிய ரீங்காரம் மட்டும். இரண்டு. வெளியே ஒரு பஸ் போனது. மூன்று. வாத்தியாரின் நாற்காலி கிறீச்சிட்டது. நாலு.

திரும்ப எல்லோரும் ஒன்றாக ஆரம்பித்தார்கள்.

பாட்டு முடிந்ததும் ஃபிதான்கா ஒரு குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டாள். “சனிக்கிழமை அஞ்சு மணிக்கு மேடைக்கு வா. கருப்புச் சட்டை. அந்தத் தொப்பி வேணாம்.”

வாத்தியார் கிதாரை உறையில் வைத்து ஜிப்பை இழுத்தார். கோபக்காரர் இல்லை. “பாவாடையிலருந்து தப்பிச்சேன்” என்றார். “எந்த ஆம்ப்ளிஃபயர்ல பழகினீங்க? நல்லதா ஏதாவது வாங்கினீங்களா?”

“கடையிலயே ரொம்ப அசிங்கமா கேட்டத வாங்கினேன் சார்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இப்போது ‘பி’ வாசலில் யாரைக் கேட்டாலும், அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தது லோசான் என்றுதான் சொல்வார்கள். அவரும் மறுப்பதில்லை. இருபத்துமூன்று கிலோவை வைத்துக்கொண்டிருந்தால் ஒரே வாரத்தில் வேலை முடிந்திருக்கும் என்று மெத்தோதி இன்னும் ஆலையில் சொல்லிக்கொண்டிருக்கிறான். நாற்பது நிமிஷ மேடைக்கு ஒன்பது பாட்டு. அந்த ஞாயிறுவரைக்கும் வெனெத்தா உருப்படியாக வாசித்தது ஒன்றுதான். மறுநாள் திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு, கையில் ஒட்டிய மாவைக் கழுவிவிட்டு, நாற்காலிமேல் இருந்த பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். ஹெட்போனைச் சொருகி, திருகைச் சிவப்புக் கோட்டுக்கு அப்பால் வைத்தாள். இரண்டாவது பாட்டில் ஆறு நாய் இருந்தன.